கார்டுல இருக்கிற அந்தத் தேதி

1/ இங்கே பொதுவா பிபி, சுகர் பத்தித்தான் எழுதுவேன். இன்னிக்கு ஒரு தேதியைப் பத்தி. கல்யாணம் மூலமா அமெரிக்க கிரீன் கார்டு வாங்கினவங்களும், அவங்க வீட்டுல இருக்கறவங்களும் பொறுமையா படிங்க. நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ.

2/ கிரீன் கார்டு கிடைக்கிற அன்னிக்குக் கல்யாணமாகி 2 வருஷம் முடியலைன்னா, 10 வருஷக் கார்டு தரமாட்டாங்க. 2 வருஷத்துக்கு நிபந்தனைக் கார்டுதான். போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் வந்த சட்டம் இது.

3/ அந்தக் கார்டு முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள, கணவன் மனைவி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஐ-751 படிவம் அனுப்பணும். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி புதுப்பிக்கிற சமாச்சாரம் இல்லை. அனுப்பலைன்னா இங்கே இருக்கிற அந்தஸ்தே போயிடும். நாடு கடத்தும் வழக்கு வரைக்கும் போகலாம்.

4/ இதெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் கோட்டை விட்டேன்.

5/ ரெசிடென்சி ரெண்டாம் வருஷம். 30 வாரத்துலயே மகள் பிறந்துட்டா. 1,300 கிராம். ஏழு வாரம் என்.ஐ.சி.யூ. காலையில நர்ஸ் சொல்ற எடைதான் எங்களுக்குக் காலண்டர். படிவத்தை அவர் அனுப்பியிருப்பார்னு நான் இருந்தேன். நான் அனுப்பியிருப்பேன்னு அவர் இருந்தார்.

6/ அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த வாரத்துல, மதுரையில அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு போன். டிக்கெட் போட கார்டை எடுத்தேன். முடிஞ்சு 19 நாள் ஆகியிருந்தது.

7/ "இப்போ நாட்டை விட்டு வெளியே போகாதீங்க" என்றார் வக்கீல். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது, அவரோட ஒரே டாக்டர் பொண்ணு இங்கே வாட்ஸ்அப்பில் ஈசிஜி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

8/ தாமதத்துக்குக் காரணம் எழுதி, மகளோட டிஸ்சார்ஜ் சம்மரியை வெச்சு அனுப்பினோம். ஏத்துக்கிட்டாங்க. ஆனா தாமதமா அனுப்பினா ஏத்துக்கறதும் மறுக்கறதும் அவங்க கையில. நம்ம கட்டுப்பாட்டில் இல்லாத, ஆதாரத்தோட சொல்லக்கூடிய காரணம் வேணும். வெறும் 'மறந்துட்டேன்' செல்லாது.

9/ கணக்கு இப்படித்தான். கார்டு 2026 டிசம்பர் 31 முடியுதுன்னா, 90 நாள் பின்னாடி எண்ணினா அக்டோபர் 2. அதுக்கு முன்னாடி அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க. டிசம்பர் 31-க்குள்ள அவங்க கையில கிடைச்சிருக்கணும். நீங்க தபால்ல போட்ட தேதி கணக்கில்லை. கல்யாண நாளை வெச்சும் எண்ணாதீங்க, கார்டுல இருக்கிற தேதிதான்.

10/ ஆதாரங்களைக் கடைசி வாரத்துல தேடாதீங்க. சேர்ந்து போட்ட வருமான வரிக் கணக்கு, ஜாயின்ட் பேங்க் அக்கவுன்ட், ரெண்டு பேர் பெயரும் இருக்கிற வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், குழந்தையோட பிறப்புச் சான்றிதழ். வீடு மாறினா 10 நாளுக்குள்ள முகவரி மாற்றம் சொல்லிடுங்க. வர்ற கடிதம் பழைய வீட்டுக்குப் போயிடக் கூடாது.

11/ இப்போ முக்கியமான விஷயம். நான் டாக்டரா பார்த்தது. அடையாளம் எதுவும் தெரியாதபடி மாத்தியிருக்கேன்.

12/ தலைவலின்னு ஒரு பொண்ணு வந்தா. கேட்ட எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். பரிசோதனை பண்ணணும்னு அவரை வெளியே உட்காரச் சொன்னேன். கைச்சட்டையைத் தூக்கினா, முழங்கைக்கு மேல விரல் விரலா பழைய தடம்.

13/ தமிழ்ல கேட்டதும் உடைஞ்சுட்டா. "அவர் சைன் பண்ணலைன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களாம் அக்கா. கார்டும் அவர்கிட்டதான் இருக்கு. இன்னும் அஞ்சு வாரம்தான்." ஒண்ணரை வருஷமா அந்தக் கையெழுத்தைக் காட்டியே அடிச்சிருக்கார்.

14/ அந்தப் பொண்ணுக்கு யாருமே சொல்லாதது இது: அவர் கையெழுத்து இல்லாமலும் ஐ-751 போடலாம். நல்லெண்ணத்தோட செய்த கல்யாணமா இருந்து, அடியோ கொடுமையோ நடந்திருந்தா, விவாகரத்து ஆகாத நிலையிலும் தனியா விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருது. விவாகரத்து முடிஞ்சிருந்தாலும், துணை இறந்துபோயிருந்தாலும் தனியா போடலாம். இதுக்கு அந்த 90 நாள் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

15/ அன்னிக்கு நான் செஞ்சது ரெண்டே வேலை. தடங்களை அளந்து, அவ சொன்ன வார்த்தையிலேயே சார்ட்ல எழுதினேன். மருத்துவக் குறிப்பும் ஆதாரம்தான். அப்புறம் எங்க சமூகப் பணியாளரை அறைக்குள்ளேயே வரவழைச்சேன். இலவசச் சட்ட உதவி அவங்க மூலமா கிடைச்சது.

16/ ஏழு மாசம் கழிச்சு ஃபாலோ-அப்புக்குத் தனியா வந்தா. பையில மடிச்சு வெச்சிருந்த ரசீதுக் கடிதத்தைக் காட்டினா. காலாவதியான கார்டோட அந்தக் கடிதத்தையும் வெச்சிருந்தா, 48 மாசம் வரைக்கும் வேலைக்கும் பயணத்துக்கும் செல்லும். "தலைவலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "அதை மறந்தே போயிட்டேன் அக்கா"ன்னு சிரிச்சா.

17/ இப்போ எழுந்து போய் உங்க கார்டை எடுங்க. தேதியைப் பாருங்க. 90 நாள் பின்னாடி எண்ணி, ரெண்டு பேர் போன்லயும் அலாரம் வைங்க. கார்டு உங்க கையில இல்லைன்னா, அதை யாராவது பூட்டி வெச்சிருந்தா, அமெரிக்காவில் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. மொழிபெயர்ப்பாளர் கேட்டா ஏற்பாடு பண்ணுவாங்க. அந்தக் கார்டு உங்களோடது.