கடைமடை நாட்டில் ஒரு நாள்

தஞ்சைத் தரணிக்கு வருவோர் பெரிய கோயிலைக் கண்டு வியப்பர். நம்மவர் பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்வர். பேராவூரணியைக் காண்பதற்கென்றே வண்டி ஏறுவோர் அரியர். மாவட்டத்தின் தென்கோடியில், புதுக்கோட்டை எல்லையை ஒட்டி ஒதுங்கிக் கிடக்கும் ஊர் அது. முன்னாளில் கம்பன் விரைவு வண்டி இவ்வழியே சென்னைக்குச் சென்றது. பின்னர் அகலப்பாதைப் பணிக்காக இருப்புப்பாதை பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2018-இல் காரைக்குடி, பட்டுக்கோட்டை இடையிலும், 2019-இல் திருவாரூர் வரையிலும் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வழியே நாம் ஒரு தை மாதத்துக் காலையில் வந்து இறங்கினோம்.

இவ்வூரை அறிய வேண்டுமாயின் முதலில் தண்ணீரை அறிய வேண்டும். காவிரிப் படுகை என்றதும் கரிகாலன் காலத்துப் பாசனமே நினைவுக்கு வரும். ஆனால் இப்பகுதி மிகப் பிற்காலத்தில்தான் காவிரியோடு உறவு கொண்டது. அதுவரை மழையையும் ஏரிகளையும் நம்பியிருந்த மேட்டு நிலம் இது. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது, அத்திட்டத்தின் ஓர் அங்கமாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயே இங்கு ஆற்று நீரைக் கொணர்ந்தது. மக்கள் இன்றளவும் அதனைப் 'புது ஆறு' என்றே அழைக்கின்றனர். ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடும் அக்கால்வாயின் கடைமடையே பேராவூரணி வட்டாரம். மேலே உள்ளோர் பாய்ச்சியது போக எஞ்சியதே இங்கு வந்து சேரும்.

வாய்க்கால் மதகருகே சந்தித்த முதிய விவசாயி ஒருவர் நம்மிடம், "மேட்டூரைத் திறந்துட்டாங்கன்னு டிவியில சொல்லுவாங்க சாமி. எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்தாத்தான் எங்களுக்குத் திறந்த மாதிரி" என்றார். பாசன நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எவரும் உரைத்தல் இயலாது.

நீர் நிச்சயமில்லாத காரணத்தால் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியோர் பலர். ஊரைச் சுற்றி எத்திசை நோக்கினும் தோப்புகளே. அத்தோப்புகளின் நிழலில் நடப்பது மிக இனிமை. ஆயினும் ஆங்காங்கே இளங்கன்றுகள் மட்டுமே நிற்கும் வெற்றிடங்கள் நம் கண்ணில் பட்டன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் இவ்வட்டாரத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. சாய்ந்த நெற்பயிர் அடுத்த பட்டத்தில் மீளும்; தென்னையோ காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் பிள்ளையின் படிப்பும் பெண்ணின் திருமணமும் வந்து நிற்கும்.

அந்தப் புயலுக்கு அடுத்த ஆண்டே இவ்வூரார் செய்த செயலொன்றை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பெரியகுளம் ஏரி தூர்ந்து கிடந்தது. 2019-இல் இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்னும் கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கமாகக் கூடித் தாங்களே நிதி திரட்டி அதனைத் தூர்வாரினர். தோப்பை இழந்து நின்றவர்கள், வருகின்ற நீரைத் தேக்கிவைக்க இடம் தேடியதை எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரையில் நாம் நின்ற வேளையில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

பிற்பகலில் பேருந்தேறி, கிழக்கே கடற்கரையிலுள்ள மனோராவுக்குச் சென்றோம். சரபேந்திரராஜன்பட்டினத்தில் அகழியும் மதிலும் சூழ, அறுகோண வடிவில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கோபுரம் அது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பியது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் கூறுவர். கல்வெட்டு குறிப்பதோ 1814. வாட்டர்லூப் போர் நிகழ்ந்தது 1815-இல். ஆகவே நெப்போலியன் முடிதுறந்து எல்பாத் தீவுக்குச் சென்ற முதல் வீழ்ச்சியே இங்குப் போற்றப்படுகிறது. அவனால் சிறைப்பட்டிருந்த ஏழாம் பத்திநாதர் பாப்பரசர் உரோமைக்குத் திரும்பியதும் அதே ஆண்டில்தான். தன் நாட்டின் ஆட்சியை ஆங்கிலேயரிடம் இழந்த மன்னர், அவர்களது வெற்றிக்கே கோபுரம் எழுப்ப நேர்ந்ததை எண்ணுகையில் நமக்குச் சற்று வருத்தமே உண்டாயிற்று.

கோபுரத்துக்கு அப்பால் பாக் நீரிணைக் கடல். அலை பெரிதாக எழுவதில்லை, குளம்போல் தோன்றும். அந்த ஆழமற்ற நீரடியில் கடற்புல் வெளிகள் பரந்துள்ளன. அவற்றை மேய்ந்து வாழ்கிறது மீனவர் 'ஆவுளியா' என அழைக்கும் கடற்பசு. குட்டிக்குப் பாலூட்டும் உயிர் அது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டி ஈனும். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய காப்பகம் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவருக்கு வனத்துறை வெகுமதி அளித்ததும் உண்டு.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தவரிடம் அதுபற்றி வினவினோம். "வலையை அறுத்துத்தான் விடணும் சாமி. அன்னிக்குப் பாடு போச்சு. ஆனா அது மூச்சு விடுறது மனுசன் மூச்சு மாதிரியே கேக்கும்" என்று கூறிவிட்டு, ஊசியை மீண்டும் வலைக்கண்ணில் கோத்தார்.

செல்ல விரும்பும் குடும்பத்தார் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம். சித்திரை வெயிலில் சிறுவர்களை அழைத்துச் செல்லலாகாது. காலையில் ஏரியையும் மாலையில் கடலையும் காண்பதற்கு ஒரு நாள் போதும்.