ரெண்டு பேர், ஒரு கட்டில், அஞ்சு நட்சத்திரம்

"கே ஃபிரெண்ட்லி ஓட்டல்" என்றால் என்ன? வாசலில் வானவில் கொடி, ஜூன் மாதம் வந்தால் கலர் கலராக கேக்... பல பேர் அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது ரிசப்ஷனில் கேட்கப்படும் ஒரே ஒரு கேள்வி.

நம்ம ஊரில் ரெண்டு ஆண்களுக்கு ரூம் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஆணும் பெண்ணுமாகப் போனால்தான் கல்யாணச் சான்றிதழ் வரைக்கும் நோண்டுவார்கள். கல்யாணமாகாத ஜோடி தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என சென்னை உயர்நீதிமன்றம் 2019-லேயே சொன்ன பிறகும் இந்த லட்சணம்தான். ரெண்டு பையன்கள் போனால்? "பேச்சிலர்ஸா? ஆதார் குடுங்க", உடனே சாவி. ஆனால் ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில் போதும் என்று கேட்டுப் பாருங்கள். மேனேஜர் முகம் மாறுவது தெரியும்.

என் காலேஜ் சீனியர் ஒருவர், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை. எட்டு வருடமாக அவரும் அவர் துணைவரும் ஒன்றாக இருக்கிறார்கள். எந்த ஊர் லாட்ஜுக்குப் போனாலும் "கஸின் பிரதர்ஸ்" என்று சொல்லித்தான் பழக்கம். ஓர் ஊரில் ரூம் பாய் சேர்ந்திருந்த கட்டில்களைத் தானாகவே பிரித்துப் போட்டுவிட்டுப் போனானாம். பாவம், நல்ல எண்ணத்தில்தான்!

போன நவம்பரில் டெல்லி பிரைட் ஊர்வலத்துக்காக ரெண்டு பேரும் இங்கே வந்தார்கள். பாராகம்பா அவென்யூவில் இருக்கும் லலித் ஓட்டலில் சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி புக் செய்திருந்தார்கள். ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டதும் என் மெஸ் பில் ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்தது. "ஏண்ணா, பஹர்கஞ்சுல இதுல பத்துல ஒரு பங்குக்கு ரூம் கிடைக்குமே?" என்றேன். சிரித்தார்.

அந்த ஓட்டலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அதை நடத்தும் குழுமத்தின் செயல் இயக்குநர் கேசவ் சூரி 377-ஆவது பிரிவை எதிர்த்து 2018-ல் உச்சநீதிமன்றம் போனவர்களில் ஒருவர். அதே வருடம் செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பு வந்ததும் ஓட்டல் ஊழியர்கள் லாபியில் ஆடிய ஆட்டம் டிவியில் எல்லாம் வந்தது. அவருக்கு முன்னால் 2016-ல் மனு போட்ட ஐந்து பேரைப் பாருங்கள்: நீம்ரானா ஓட்டல்களைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமன் நாத் இருக்கிறார், 'தீவா' உணவகத்தின் சமையல் நிபுணர் ரிது தால்மியா இருக்கிறார். ஓட்டல்காரர்களுக்கும் இந்த வழக்குக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பதை யாரும் பெரிதாக எழுதிப் பார்த்ததில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ரெண்டு அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "கிங் பெட்தானே சார்?" என்றாள். அண்ணன் "ஆமாம்" என்றார். அவ்வளவுதான். லிஃப்டில் ஏறும்வரை ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவு பணம் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கியது. மெத்தைக்கும் நீச்சல்குளத்துக்கும் இல்லை, பொய் சொல்லாமல் இருப்பதற்கு.

சனிக்கிழமை சாயங்காலம் மெஹ்ரோலியில் ஜமாலி கமாலி போனோம். 16-ஆம் நூற்றாண்டு. ஜமாலி சூஃபிக் கவிஞர். பக்கத்துச் சமாதியில் இருக்கும் கமாலி யார் என்று யாருக்கும் தெரியாது. காதலர்கள் என்று ஊர் சொல்கிறது. உள்ளே பூட்டு. ரெண்டு பேரும் வெளியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் கடலை வாங்கித் தின்றேன், நாகரிகம் தெரிந்தவன் ஆச்சே!

மறுநாள் ஊர்வலம். கூட்டம், மேளம், தொண்டை கட்டும்வரை கோஷம். கல்யாண உரிமை கேட்ட பதாகைகள்தான் அதிகம் கண்ணில் பட்டன. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. 2024-ல் இப்படிப்பட்ட ஜோடிகள் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கத் தடையில்லை என்று நிதியமைச்சகம் விளக்கம் கொடுத்தது. பேங்கில் ஜோடி, ரிஜிஸ்டர் ஆபீஸில் யாரோ! பஹர்கஞ்ச் வாடகைதான் கட்ட முடியும் என்கிற ரெண்டு பேருக்கு அந்த "கிங் பெட்தானே சார்" கூடக் கிடையாது.

திங்கட்கிழமை ஏர்போர்ட் போகும் வழியில் அண்ணனுக்கு பெங்களூர் ஹவுஸ் ஓனரிடமிருந்து போன். பெயின்ட் அடிக்க ஆள் வருகிறானாம், வீட்டைப் பார்க்கவேண்டுமாம். போனை வைத்துவிட்டு அவர் துணைவரிடம் சொன்னார்: "ரெண்டாவது ரூம் கட்டில்ல பெட்ஷீட் மாத்திப் போடணும்டா. தூசியா இருக்கும்."

அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லையாம். ஓனர் வந்தால் காட்டுவதற்கு.