முப்பத்தொன்றாம் தேதிப் பால்

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது" என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், அப்பா அந்த பில்லைப் பார்க்கும் வரை.

எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு மாதக் கணக்கு போடும் புரோகிராமைத்தான் புராஜெக்டாக எடுத்திருந்தேன். 2024 மார்ச் மாதம் முழுவதும் பாலை நோட்டிலும் எழுதினார்கள், கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம். ஏப்ரல் முதல் தேதி எங்கள் வீட்டு பில்லைப் பெருமையோடு எடுத்துப்போய் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்: "மொத்தம் 210 லிட்டர்."

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார். "காலையில நாலு, சாயங்காலம் மூணு. முப்பத்தோரு நாளு. ஏழு லிட்டரு குறையுதே தம்பி, ஒரு நாள் பாலு எங்கடா போச்சு?"

நோட்டில் 217 இருந்தது. சொசைட்டியில் மற்றவர்கள் பில்லையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 31-ம் தேதிப் பாலைக் காணோம்!

லேபில் எங்கள் சார் என் கொய்ரியைப் பார்த்தவுடனே சிரித்துவிட்டார். '2024-03-01' முதல் '2024-03-31' வரை என்று 'பிட்வீன்' போட்டிருந்தேன். பால் ஊற்றிய நேரம் 'டேட்டைம்' வகையில் இருக்கிறது. நான் கொடுத்ததோ வெறும் தேதி. அதை டேட்டாபேஸ் தானாகவே '31-ம் தேதி 00:00:00' என்று மாற்றிக்கொள்கிறது. அதாவது நள்ளிரவோடு மாதம் முடிந்துவிட்டது. விடியற்காலை 6 மணிக்கு ஊற்றிய பால் அந்தக் கணக்கில் எப்படி வரும்?

"லேப்ல சரியாத்தானே சார் வந்துச்சு?" என்றேன். அங்கே நான் டைப் செய்த மாதிரி டேட்டாவில் மணியே இல்லை. எல்லாம் 00:00:00. அதனால் தப்பு வெளியே தெரியவில்லை.

அந்தக் காலத்தைத் 'டேட்' ஃபங்ஷனால் தேதியாக மாற்றி ஒப்பிட்டேன். விடை சரியாக வந்தது. "வரிசைக்கு வரிசை மாத்திக்கிட்டே இருந்தா இண்டெக்ஸ் உதவாதுடா. டேட்டா பெருகினா திணறும்" என்றார் சார். கடைசியில், மார்ச் 1-க்குச் சமமாகவோ அதிகமாகவோ, அதே சமயம் ஏப்ரல் 1-க்குக் குறைவாகவும் என்று எழுதினேன். இப்படி எழுதினால் மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்ற கவலையும் இல்லை.

நோட்டு மட்டும் இல்லாமலிருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷத்தில் 12 நாள் பால் காசு போயிருக்கும். தம்பி, தங்கைகளே! புராஜெக்ட் செய்யும்போது மணியோடு சேர்த்து டேட்டா ஏற்றிப் பாருங்கள். மாதத்தின் கடைசி நாளை ஒருமுறை கையால் கூட்டிப் பாருங்கள்.

திருத்திய பில்லை அப்பாவிடம் வாசித்தேன். "217."

"இப்பதான் சரி" என்றார்.