வண்டியில் பூட்டும் ஓஸ் ரீல்

அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற மண்ணச்சநல்லூரில் தவிட்டுத் தூசியும் உமிச் சாம்பலும் சன்னல் கண்ணாடிகளிலும் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளிலும் படிவதால், ‘குட்டியானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியில் தண்ணீர்த் தொட்டி, பம்பு, ஓஸ் ரீல் ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டு கண்ணாடி கழுவும் தொழிலுக்கு இடமுண்டு. ரீல் என்பது நீண்ட ஓஸைச் சிக்கலின்றிச் சுற்றிவைக்கும் உருளை. அதன் நடுவிலுள்ள சுழல் இணைப்பு, உருளை சுழலும்போதும் தண்ணீர் ஒழுகாமல் ஓஸுக்குள் செல்ல வழிவிடுகிறது. விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் கோட்டை விடுவது இந்த இணைப்பில்தான். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் வண்டித் தளம் முழுவதும் நனையும்.

12 மி.மீ. உள்விட்டமுள்ள 100 மீட்டர் ஓஸ் 11 லிட்டருக்குமேல் தண்ணீரைச் சுமக்க, 8 மி.மீ. ஓஸோ சுமார் 5 லிட்டரே கொள்வதால் இழுப்பவரின் தோளுக்கு இதமாக இருக்கிறது. ஆயினும் ஒரே அளவு நீர் பாயும்போது உராய்வால் இழக்கப்படும் அழுத்தம் மெல்லிய ஓஸில் ஏறத்தாழ ஏழு மடங்காவதால், நிமிடத்திற்கு ஓரிரு லிட்டரே வேண்டிய தூரிகைக் கம்புக்கு அது பொருந்துமேயன்றி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச உதவாது.

சுற்றும்போது பம்பை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, ஒரு கையால் ஈரத்துணி கொண்டு மண்ணைத் துடைத்தபடியே மறு கையால் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அழுத்தம் குறையாமல் சுற்றிய ஓஸ் சித்திரை வெயிலில் இளகி உப்பும். துறையூர் சாலையின் குலுக்கலில் உருளை தானே அவிழாதிருக்கப் பூட்டுமுள் கட்டாயம். அது இல்லாத ரீல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வண்டிக்கு ஆகாது.