யாரோ விட்டுச்சென்ற புத்தகங்கள்... ரஸ்கின் பாண்ட் கதைசொல்லியான கதை!

மசூரி மால் ரோட்டில் 'கேம்பிரிட்ஜ் புக் டிப்போ' என்று ஒரு சின்னப் புத்தகக் கடை. பல வருடங்களாக, சனிக்கிழமை மாலையானால் அங்கே பிள்ளைகள் கூட்டம் கூடிவிடும். சுற்றுலா வந்த பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு காத்திருப்பார்கள். கண்ணாடி போட்ட ஒரு தாத்தா ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

அந்தத் தாத்தாதான் ரஸ்கின் பாண்ட். 500-க்கும் மேற்பட்ட சிறுகதைகள், கட்டுரைகள், குறுநாவல்கள் எழுதியவர். சாகித்ய அகாடமி விருது, பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வாங்கியவர். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு, 'டோட்டோ' என்ற குட்டிக் குரங்கின் சேட்டைகளை எழுதியவர் என்றால் சட்டெனப் புரியும்.

இத்தனை பிள்ளைகளுக்குக் கதை சொன்னவரின் சொந்தப் பிள்ளைப்பருவம், தனிமையிலேயே கழிந்த ஒன்று.

அப்பாவின் கடிதங்கள்

1934 மே 19-ம் தேதி கசௌலியில் பிறந்தார் ரஸ்கின். ஆங்கிலேய வம்சாவளிக் குடும்பம். அப்பா ஆப்ரி பாண்ட், ஜாம்நகர் அரண்மனைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்தார். அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள்.

கொஞ்ச காலம் டெல்லியில் அப்பாவும் பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். பகலில் அப்பா வேலைக்குப் போய்விட, பையன் தனியாக இருப்பான். மாலையில் அவர் வந்துவிட்டால் தபால்தலை, கிராமபோன், சினிமா, புத்தகக் கடை என்று நேரம் போவதே தெரியாது. தன் வாழ்க்கையின் சந்தோஷமான நாள்கள் என்று பின்னாளில் ரஸ்கின் திரும்பத் திரும்ப எழுதியது அந்த நாள்களைத்தான்.

பிறகு சிம்லாவில் விடுதிப் பள்ளி. அங்கே அப்பாவின் கடிதங்கள்தான் துணை. ரஸ்கினுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1944-ல், கல்கத்தாவில் அப்பா இறந்துபோனார். செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பொறுப்பில் இருந்த ஒருவர், 'கடிதங்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று வாங்கிக்கொண்டார். வருடக் கடைசியில் பையன் போய்க் கேட்டான். அப்படியொன்று வாங்கியதே அவருக்கு நினைவில்லை.

மிஞ்சியது ஒரே ஒரு கடிதம். அதை மட்டும் ஏனோ ரஸ்கின் தன்னிடமே வைத்திருந்தான். அதில் அப்பா எழுதியிருந்த விஷயங்களில் ஒன்று, பையனின் கையெழுத்தைப் பற்றியது. இவ்வளவு பொடியாக எழுதாதே, கண்ணுக்குக் கெடுதல், தேவையென்றால் இன்னும் தாள் எடுத்துக்கொள் என்பது போன்ற ஒரு புத்திமதி. எந்த அப்பாவும் சொல்லக்கூடியதுதான். அந்தப் பிள்ளை எழுத்தாளனாகி, எத்தனையோ ஆயிரம் தாள்களைக் கையாலேயே எழுதித் தீர்த்தான் என்பதை அறிந்து படிக்கும்போது மனசு கனக்கிறது.

துப்பாக்கிக்குப் பதில் புத்தகம்

அப்பா போனபின் விடுமுறைக்கு டேராடூன். அம்மா மறுமணம் செய்துகொண்டிருந்தார். புது வீட்டில் பையன் ஒட்டவில்லை. பெரியவர்களுக்கு வேட்டையில் ஆர்வம். அவனுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. ஒருமுறை காட்டு விடுதிக்குக் கூட்டிப்போனபோது, 'நான் வரலை' என்று விடுதியிலேயே இருந்துவிட்டான்.

அங்கேதான் அந்த அலமாரி கண்ணில் பட்டது. யாரோ, எப்போதோ விட்டுச்சென்ற பழைய புத்தகங்கள். பி.ஜி.வுட்ஹவுஸின் நகைச்சுவையும், எம்.ஆர்.ஜேம்ஸின் பேய்க் கதைகளும் அதில் இருந்தன. மற்றவர்கள் புலியைத் தேடிக் காட்டைச் சுற்ற, அவன் வராந்தாவில் உட்கார்ந்து படித்துத் தள்ளினான். தன் வாசிப்பு வெறி அங்கேதான் பிடித்தது என்று ரஸ்கின் எழுதியிருக்கிறார்.

பள்ளியில் நூலகமே கதி. சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' படித்ததும், எழுத்தாளராவது என்று முடிவே செய்துவிட்டான். தகப்பனில்லாத பையன், பிடிக்காத மாற்றாந்தகப்பன், கடைசியில் எழுத்தாளன் என்று போகும் கதை அது. தன் கதையை வேறு யாரோ எழுதி வைத்திருப்பதுபோல அவனுக்கு இருந்திருக்கும்!

உடனே ஒரு நோட்டை எடுத்துப் பள்ளி வாழ்க்கையைக் கிண்டலாக எழுத ஆரம்பித்தான். அது மாட்டிக்கொண்டது. பிரம்படி கிடைத்தது, நோட்டும் போனது. ஆனால், எழுதும் ஆசை போகவில்லை.

ஐம்பது பவுனும் கப்பல் டிக்கெட்டும்

பள்ளி முடிந்ததும், 'இங்கிலாந்து போனால்தான் எதிர்காலம்' என்று உறவினர்களிடம் அனுப்பிவைத்தார்கள். பகலில் அலுவலக வேலை. இரவில் வாடகை அறையில் தட்டச்சு. லண்டன் குளிரில் உட்கார்ந்து அவர் எழுதியதெல்லாம் டேராடூனின் கடைவீதியையும் நண்பர்களையும் பற்றித்தான். 'தி ரூம் ஆன் தி ரூஃப்' நாவல் அப்படித்தான் பிறந்தது. வீட்டைவிட்டு ஓடிவந்து, மொட்டைமாடி அறையில் தங்கும் ரஸ்டி என்ற பதினாறு வயதுப் பையனின் கதை.

பதிப்பகம் முன்பணமாக 50 பவுன் கொடுத்தது. அந்தப் பணத்தில் கப்பல் டிக்கெட் எடுத்து இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். 1956-ல் நாவல் வெளிவந்தது. மறுவருடம் ஜான் லூவெலின் ரீஸ் பரிசு கிடைத்தது. லண்டன் கொண்டாடியபோது ஆள் இங்கே பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தார், சின்னச் சின்ன சன்மானங்களுக்கு!

டெல்லியில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, 1963-ல் அதையும் விட்டு மசூரிக்கு வந்தார். அதன்பின் மலையை விட்டு இறங்கவே இல்லை எனலாம்.

வீடு நிறையப் பிள்ளைகள்

ரஸ்கின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், அவர் வீட்டில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எழுபதுகளில் உதவிக்கென்று வந்த ஓர் இளைஞரின் குடும்பமே அவருடைய குடும்பமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அவரைச் சுற்றித்தான் வளர்ந்தார்கள். லேண்டூரில் 'ஐவி காட்டேஜ்' என்ற அந்த வீட்டின் ஜன்னலோர மேஜையில் பல கதைகள் எழுதப்பட்டன.

அவர் கதைகளில் பெரிய சாகசம் இருக்காது. ஒரு பையன் செர்ரி விதை நட்டு, மரம் வளர்வதைப் பார்ப்பான். ஒரு சிறுமி வெள்ளத்தில் அரச மரத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழிப்பாள். படமாகவும் வந்த 'தி ப்ளூ அம்ப்ரெல்லா'வில், பின்யா என்ற மலைக்கிராமத்துச் சிறுமி, தன் தாயத்தைக் கொடுத்து ஒரு நீலக் குடையை வாங்குவாள். ஊரே அந்தக் குடையைப் பார்த்துப் பொறாமைப்படும். கடைக்காரர் அதைத் திருட ஆளனுப்பி, ஊர் அவரை ஒதுக்கிவைத்த பின், பின்யாவே அந்தக் குடையை அவர் கடையில் விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

'திருடினால் தண்டனை' என்று முடிக்க எவ்வளவோ வாய்ப்புள்ள கதை. தனித்துவிடப்பட்ட ஒரு கிழவரைப் பார்த்து ஒரு குழந்தைக்கு மனம் கேட்கவில்லை என்று முடிக்கிறார் ரஸ்கின். ஒதுங்கி நிற்பதன் வலி தெரிந்தவரின் கதை அது.

தொண்ணூறைக் கடந்த பின்னும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. சாகித்ய அகாடமியின் உயரிய கௌரவமான ஃபெலோஷிப்பை, 2024-ல் மசூரிக்கே போய்க் கொடுத்தார்கள்.

அந்தக் காட்டு விடுதி அலமாரியில் புத்தகங்களை வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. 'இதைப் படி, அறிவு வளரும்' என்று ரஸ்கினிடம் அவர் சொல்லவில்லை. சும்மா விட்டுச்சென்றார். பேச ஆளில்லாத ஒரு பையன் கைக்கு அது எட்டியது.

லீவு வந்தால், 'எந்நேரமும் போன்தானா' என்று பிள்ளைகளைத் திட்டாத வீடு இன்று குறைவு. அதே வீட்டில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் எத்தனை கதைப் புத்தகங்கள் இருக்கின்றன? ஷோகேஸில் பூட்டி வைத்தது கணக்கில் வராது. கட்டில் பக்கத்தில், ஊஞ்சலில், பாட்டி வீட்டுத் திண்ணையில் இரண்டு புத்தகங்களைப் போட்டுவையுங்கள். படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். கரன்ட் போன ஒரு மத்தியானத்தில் ஏதாவது ஒரு பிள்ளை எடுத்துப் புரட்டும்!