வாங்கும் விலையும் தாங்கும் விலையும்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, அதைக் கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா எனக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் இயேசு கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீடராவதன் விலையை உணர்த்தவே அவர் அவ்வுவமையைச் சொன்னார். ஆயினும் அதற்கென அவர் தேர்ந்துகொண்டது, இல்லத்தலைவர் எவரும் அறிந்த வரவு செலவுக் கணக்கு என்பது எண்ணத்தக்கது. ஒரு பொருளை வாங்கும் விலை ஒன்று. வாங்கியபின் அதைத் தாங்கும் விலை மற்றொன்று. முன்னதைக் கேட்டறிவது எளிது. பின்னதை எவரும் நமக்குச் சொல்வதில்லை.

இந்த உண்மையை எங்கள் இல்லத்தில் ஒரு பழைய கார் எங்களுக்கு விளக்கிற்று. எங்கள் மகன் கோவையில் பணிபுரிகிறான். அந்நகருக்கும் விரைவு வண்டிகளுக்கும் உள்ள உறவு நெடியது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்நகரில் வளர்ந்தவர். செட்டிபாளையத்தில் பந்தயத் தடமும் உண்டு. அக்காற்றைச் சுவாசிக்கும் இளைஞனுக்கு வேகத்தின்மேல் விருப்பம் எழுவது இயல்பே. தன் சேமிப்பான 6 இலட்சம் ரூபாயில் பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஒன்று வாங்க அவன் விரும்பினான். அதே மகன்தான் மாதந்தோறும் தன் தங்கையின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்திற்கும் பணம் அனுப்பி வந்தான். ஆகவே அவனுடைய கார் அவனுடைய விருப்பத்தோடு மட்டும் முடிந்துவிடுவதாக இல்லை.

1.2 லிட்டர் டர்போ எஞ்சினோடு 2013இல் இந்தியாவில் அறிமுகமான வண்டி அது. திறன் 105 குதிரைத்திறன். முறுக்குவிசை 175 நியூட்டன் மீட்டர். ஏழு கியர்களைத் தானே மாற்றும் பெட்டியில் கிளட்ச்சுகள் இரண்டு: ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. அவை எண்ணெயில் மூழ்காத உலர்ந்த கிளட்ச்சுகள். ஊர்ந்து செல்லும் நெரிசலில் சூடேறுபவை. போலோ உற்பத்தி இந்தியாவில் 2022இல் நின்றுவிட்டது. ஆதலால் நல்ல நிலையில் உள்ள பழைய வண்டிக்கு மதிப்பு அதிகம்.

மகன் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தான். இரண்டும் 2016ஆம் ஆண்டின. முதல் வண்டிக்குக் கேட்ட விலை ரூ. 5,60,000. அதன் உடைமையாளர் ரூ. 1,80,000 செலவிட்டுப் பல மாற்றங்கள் செய்திருந்தார். எஞ்சினின் கணினி நிரலை மாற்றியிருந்தார். உரத்து ஒலிக்கும் சைலன்சர் பொருத்தியிருந்தார். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளும் பெரிய சக்கரங்களும் போட்டிருந்தார். இரண்டாம் வண்டிக்கு விலை ரூ. 5,20,000. அதில் மாற்றம் ஏதுமில்லை. பழுது பார்த்த இரசீதுகள் மட்டும் ஒரு கட்டாக இருந்தன.

"அப்பா, நாற்பதாயிரம் கூடக் கொடுத்தால் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய்ப் பொருள் நமக்குக் கிடைக்கிறதே" என்றான் மகன். கேட்பதற்கு ஞாயமாகவே இருந்தது. பல ஆண்டுகள் அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காட்டினோம். முதல் வண்டியைச் சுற்றி வந்தவர், "ஐயா, செலவழித்தவர் அதன் இன்பத்தை அனுபவித்துவிட்டார். மீதியிருக்கும் தேய்மானத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார்" என்றார்.

பின்பு அவர் விளக்கினார். அந்தக் கியர் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குமாறு அமைக்கப்பட்டது. 175ஐச் சுமக்கும்போது 75 மிச்சமிருக்கிறது. நிரல் மாற்றியபின் முறுக்குவிசை 240 என்று விற்பவர் காட்டிய தாளிலேயே எழுதியிருந்தது. ஆக மிச்சம் 10 மட்டுமே. நிரலைப் பழையபடி மாற்றிவிடலாம். தேய்ந்த கிளட்ச்சைப் பழையபடி ஆக்க இயலாது. தாழ்ந்த வண்டி நம் தெருக்களின் வேகத்தடைகளில் அடிபட்டு ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருந்தன. டயர்களின் உட்புறம் வழுக்கையாகியிருந்தது. சைலன்சரை மாற்றியவர், நச்சுப்புகையைக் குறைக்கும் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிந்திருந்தார்.

அவர் மதிப்பிட்ட கணக்கு இது: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரூ. 40,000; டயர்கள் ரூ. 30,000, கன்வெர்ட்டரும் பழைய சைலன்சரும் ரூ. 55,000. முதல் வண்டியின் விலை ரூ. 6,85,000 ஆயிற்று. கிளட்ச்சும் போனால் மேலும் ஓர் இலட்சத்திற்குக் குறையாது. இரண்டாம் வண்டிக்கு எண்ணெய், பிரேக், பேட்டரி, டயர் எல்லாம் சேர்த்து ரூ. 45,000. மொத்தம் ரூ. 5,65,000, கையில் ரூ. 35,000 மிஞ்சும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. தயாரித்தவர் அமைத்த வடிவத்திற்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், உடைமையாளர் செய்யும் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்த மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டிற்கே தடையாகலாம். மறைத்து ஓட்டுவதா, உண்மை சொல்லிச் சிக்கலை ஏற்பதா என்ற கேள்வி அப்போது மனச்சான்றின் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

எல்லா மாற்றங்களும் தீயவை என்று நாங்கள் சொல்லவில்லை. தரமான பிரேக் பட்டைகளும் நல்ல டயர்களும் உயிரைக் காப்பவை. அவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. இருக்கை உறை போன்ற அழகுப் பொருள்களைக் கழற்றிவிடலாம். ஆனால் எஞ்சினையும் கியரையும் எல்லைவரை உழைக்க வைக்கும் மாற்றம், வாங்குபவர்மேல் விழும் கடன். கழற்றிய பழைய பாகங்களும் செய்த வேலைக்கான இரசீதுகளும் விற்பவரிடம் உண்டா என்று கேட்பதே அங்கு முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

மகனுக்கு நாங்கள் கட்டளையிடவில்லை. கணக்கைத் தாளில் எழுதி அவன் முன் வைத்தோம். அதன் அடியில் தங்கையின் இறுதியாண்டுக் கட்டணத்தையும் அவனே எழுதிக்கொண்டான். மூன்று நாள் பேசாதிருந்தான். பின்பு இரண்டாம் வண்டிக்கு முன்பணம் கொடுத்தான். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்தாகி, காப்பீடும் 14 நாள்களுக்குள் அவன் பெயருக்கு மாறியது. அந்த வண்டியின் கிளட்ச்சும் ஒருநாள் தேயத்தான் செய்யும். அதற்கென மாதம் ரூ. 4,000 தனிக் கணக்கில் போட்டு வருகிறான். தங்கைக்குப் போகும் பணம் நிற்கவில்லை.

புதிதாக ஒன்றைச் சேர்ப்பது எல்லார் கண்ணிலும் படும். இருப்பதைக் காப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. எண்ணெய் மாற்றியதற்காக யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திருமண வாழ்வும் அன்பியமும் பங்குச் சமூகமும் அத்தகையவையே. விழா எடுப்பவர் பலர், நாள்தோறும் பேணுபவர் சிலர். இவ்விடத்தில் நம் தமிழ் நமக்கொரு பாடம் வைத்திருக்கிறது. வண்டியைப் பேணுவதற்கும் பராமரிப்பு என்றே சொல்கிறோம். நம்மை இமைப்பொழுதும் காக்கும் இறைவனின் அருளையும் பராமரிப்பு என்றே சொல்கிறோம். படைத்ததோடு நின்றுவிடாமல் படைத்ததைத் தாங்கியும் வரும் தந்தையின் பிள்ளைகள் நாம். தாங்க இயன்றதை வாங்குவதும், வாங்கியதை உண்மையோடு தாங்குவதும் அப்பிள்ளைகளுக்கு அழகு.