மர்ஜானின் பொருள்

திருமறையின் 55-ஆம் அத்தியாயமாகிய அர்ரஹ்மான் ஓதும் ஓசை கேளாத முஸ்லிம் இல்லம் நம் தமிழகத்தில் இருப்பது அரிது. அச்சூராவில் இரு கடல்களைப் பற்றிய இடத்தில் லுஃலுஃ, மர்ஜான் என்னும் இரண்டும் சேர்த்துக் கூறப்படுகின்றன. முப்பது ஆண்டுகளாக அவ்விடத்தை நாம் மாணவர்களுக்கு விளக்கி வந்துள்ளோம். லுஃலுஃ பெரிய முத்து, மர்ஜான் சிறிய முத்து என்று பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் உண்டு. லுஃலுஃ முத்து, மர்ஜான் செம்பவளம் என்று கொண்டவர்களும் உண்டு. இரு கருத்துகளையும் கரும்பலகையில் எழுதுவோம், மாணவர் தம் ஏட்டில் எழுதிக்கொள்வர், பாடம் முடிந்துவிடும்.

நாம் முதன்முதல் பணி ஏற்ற மத்ரஸா மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் இருந்தது. வகுப்பறையின் தென்புறச் சாளரத்தைத் திறந்தால் கடல் தெரியும். ஆயினும் அந்தச் சாளரம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். உப்புக் காற்று கிதாபுகளைக் கெடுத்துவிடும் என்பது அதற்குக் காரணம். முத்தையும் பவளத்தையும் பற்றிய பாடத்தைக் கடலின் பக்கம் கதவடைத்துக்கொண்டே நடத்தினோம் என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை.

அங்கே காலை வேளையில் சிறுவர்களுக்கும் ஓதிக்கொடுப்போம். அவர்களுள் பத்து வயதுப் பையன் ஒருவன். தந்தை சங்கு குளிப்பவர். ஓதுவதில் அவனுக்கு நாட்டம் குறைவு. ஒரு நாள் அவனுடைய ஏட்டை வாங்கிப் புரட்டினோம். அரபு எழுத்துகள் நிரம்பியிருக்க வேண்டிய பக்கங்களின் ஓரமெங்கும் நண்டு, கடற்குதிரை, கணவாய், சொறிமுட்டை என உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. கணவாய்க்குப் பத்துக் கைகள் போட்டிருந்தான். அவற்றுள் இரண்டு மட்டும் நீண்டிருந்தன. ‘இத்தனை கை எதற்கு?’ என்று கேட்டோம். ‘அதுக்கு அத்தனை கைதான் ஹஜ்ரத், எண்ணிப் பாத்தேன்’ என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று கோபம் வந்தது. உயிருள்ளவற்றின் உருவம் வரைவோருக்கு மறுமையில் உள்ள தண்டனையைப் பிள்ளைகள் அனைவரும் கேட்க எடுத்துரைத்து, அந்த ஏட்டைக் கிழித்துப்போட்டோம். பையன் அழவில்லை. துண்டுகளைக் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். கணவாய்க்குப் பத்துக் கைகளே என்பதையும், இரையைப் பற்றுவதற்கென இரண்டு மட்டும் நீண்டிருக்கும் என்பதையும் நாம் நூல்களில் படித்தறிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கு இலேசாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. எச்சரிக்கைகள் ஹதீஸ் நூல்களில் உள்ளன; அவற்றை இமாம்கள் பெரிதாகவே மதித்தனர். ஆனால் அதே நூல்களில் அன்று நாம் சொல்லாமல் விட்டவையும் உள்ளன. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் வந்து முறையிட்டபோது, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழி காட்டினார்கள். சிறு வயதில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பாவைகள் இருந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு கடிந்துகொள்ளவில்லை. இதை ஆதாரமாகக் கொண்டே பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு அறிஞர் பலர் விலக்கு அளித்தனர். பத்து வயதுப் பிள்ளைக்குக் கண்டிப்பு ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். வழிகாட்டுதலையும் சலுகையையும் நம்மிடமே வைத்துக்கொண்டோம்.

நம் முன்னோர் கடலைப் பார்த்த விதமே வேறு. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல்கஸ்வீனீ (ரஹ்) ஒரு காழி, சட்டம் கற்றவர். படைப்பின் விந்தைகளைப் பற்றி அவர் எழுதிய ‘அஜாயிபுல் மக்லூகாத்’ என்னும் நூலில் கடல்களுக்கும் அவற்றில் வாழும் உயிர்களுக்கும் தனி இடம் உண்டு. அவர் உயிரோடிருந்தபோதே, 1280-இல், வாஸித் நகரில் எழுதப்பட்ட பிரதி ஒன்று இன்று ஜெர்மனியின் மியூனிக் நகர நூலகத்தில் இருக்கிறது. அது வண்ண ஓவியங்கள் நிறைந்த பிரதி. கேள்விப்பட்ட கதைகளும் அந்நூலில் கலந்துள்ளன என்பது உண்மை. ஆயினும், படைப்பை உற்று நோக்கி வியப்பது படைத்தவனை அறியும் வழி என்பதே அதன் அடிப்படை.

நிழற்படம் வந்தபோது இவ்விவாதம் புதிய உருவம் எடுத்தது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, நிழற்படம் ஆகும் என்று தனி நூலே எழுதினார். புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பது வேறு, இறைவன் படைத்ததன் நிழலைத் தேக்கி வைப்பது வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். நம் நாட்டு உலமாக்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஹஜ் பயணக் கடவுச்சீட்டு போன்ற தேவைகளுக்கு மட்டுமே இசைந்தனர். இரு சாராரும் இறையச்சத்தோடு பேசியவர்களே.

இவ்விவாதத்தில் ஈடுபட்டிருந்த நாம் அறியாத செய்தி ஒன்றுண்டு. நிழற்படங்களைக் கொண்டு உலகில் முதன்முதல் வெளிவந்த நூல் கடற்பாசிகளைப் பற்றியது! இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி 1843-இல் அதை வெளியிடத் தொடங்கினார். அவர் கையாண்ட முறையில் படக்கருவியே இல்லை. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின்மீது உலர்த்திய பாசியைப் பரப்பி வெயிலில் வைப்பார். பின்னர் தாளை நீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகும். பாசி மறைத்த இடம் மட்டும் வெண்மையாக நிற்கும். நீலக் கடலில் வெண்பாசி மிதப்பது போன்ற அப்படங்களை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் தம் கையாலேயே ஆக்கினார். உயிருள்ளதன் உருவம் என்று எவரும் குறைகூற இயலாத கடல் ஓவியம் அது.

கடற்பாசி நமக்குப் புதிதன்று. ரமலான் மாலையில் நோன்பு திறக்கும் வேளையில், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த கடற்பாசித் துண்டுகள் நம் வீடுகளில் தட்டு நிறைய இருக்கும். இராமநாதபுரக் கரையில் கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் கடலில் மூழ்கிச் சேகரிப்போர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஆண்டுதோறும் உண்ட நாம், அது கடலுக்குள் எந்த உருவில் நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வேறு ஒரு நாட்டுப் பெண்மணி அதன் ஒவ்வோர் இழையையும் வெயிலைக் கொண்டு எழுதிவைத்தார்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1893-இல், பிரான்சின் தென்கோடியிலுள்ள பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூத்தான் என்னும் உயிரியல் அறிஞர் நீருக்குள் இறங்கிப் படம் பிடித்தார். நீர் புகாத பெட்டிக்குள் படக்கருவியை வைத்து, அரைமணி நேரம் வரைகூட அசையாமல் காத்திருந்து ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையை நினைக்கும்போது, பாடத்தை அவசரமாய் முடித்துச் சாளரத்தை மூடிய நம் நாள்கள் நினைவுக்கு வருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், நாற்பதை நெருங்கும் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். சலாம் உரைத்துத் தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது நமக்குச் சற்றே நடுக்கம் எடுத்தது. அந்த ஏட்டுக்கு உரியவர் அவர்! தந்தையைப் போல் மூழ்கப் பழகி, இப்போது பவளப்பாறைகளை ஆராய வருவோருக்குத் துணையாகக் கடலில் இறங்குகிறார். அவர்களிடமே நீருக்கடியில் படம் பிடிக்கவும் கற்றிருக்கிறார். ஓர் உறையைப் பிரித்து ஒரு படத்தை நம் முன் வைத்தார்.

பெரியதொரு பாறை. அதன்மேல் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் இதழ் விரித்திருந்தன. ‘கடலுக்கடியில் இப்படியும் பூ உண்டா?’ என்றோம். ‘பூ இல்லை ஹஜ்ரத், எல்லாம் உசிரு. ராத்திரியில கை விரிச்சு இரை பிடிக்குது. பாறைன்னு நாம சொல்றது இதுங்க கட்டிக்கிட்ட வீடு. பவளம்னு சொல்றோமே, அந்த இனந்தான்’ என்றார்.

முப்பது ஆண்டுகள் கல் என்று கற்பித்த ஒன்று உயிர் என்பதை அன்றுதான் அறிந்தோம். நகைகளில் பதிக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலுக்குரியது. மன்னார் வளைகுடாவிலுள்ளது பாறை கட்டும் பவளம். இனம் வேறாயினும் இரண்டும் உயிர்களே. மென்மையான சிற்றுடல், வாயைச் சுற்றிச் சிறு கைகள். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டே போகிறது.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் படித்தோம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞரும் பவளத்தைச் செடி என்றும், அதில் பூப்பதைப் பூ என்றும் நம்பியிருந்தனர். மார்செய் நகர மருத்துவர் பெய்சோனெல், வட ஆப்பிரிக்கக் கரையில் எடுத்த பவளத்தைக் கடல்நீரிலேயே வைத்துப் பார்த்து, அவை தொட்டால் சுருங்கும் உயிர்கள் என்று 1720-களில் எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகத்தின் பேரறிஞர் ரெயோமூர் அதை நம்பவில்லை. நகைப்புக்கு இடமாகும் என்று கருதி, சபையில் அதை எடுத்துரைத்தபோது கண்டவர் பெயரையே கூறாது விட்டார். 1740-களில் பிறர் ஆராய்ந்து உறுதி செய்த பின்னர், பெய்சோனெல் கண்டதே சரி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கண்டவன் சொல்லைக் கல்லாதவன் சொல் என்று தள்ளுவது கற்றோர்க்கு எந்நாட்டிலும் நேரும் சறுக்கல்தான். ஆயினும் ரெயோமூர் தம் பிழையை ஒப்பினார். நாம் அதற்குள் கால் நூற்றாண்டைக் கழித்துவிட்டோம்.

அப்போதுதான் அந்தப் பழைய ஏட்டைப் பற்றிப் பேசினோம். ‘மன்னித்துவிடு, தம்பி’ என்றோம். அவர் சற்று நேரம் தரையையே பார்த்திருந்தார். ‘மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு, ஹஜ்ரத்? ஆனா அதுக்கப்புறம் நான் வரையவே இல்லை. பென்சிலை எடுத்தா கை வரமாட்டேங்குது. அதனாலதான் இந்தக் கருவியைப் பழகினேன்’ என்றார். மனத்தாங்கல் எதுவும் அக்குரலில் இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்தியது.

பின்பு இன்னொரு படத்தை எடுத்துக் காட்டினார். அதே போன்ற பாறை. ஆனால் எலும்பைப் போல் வெளுத்திருந்தது. பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அப்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். சூடு நீடித்தால் பசியால் மடியும். 1998-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் அவ்வாறு பெருமளவில் வெளுத்தது. சூடு ஒருபுறமிருக்க, மனிதர் கையும் சும்மா இருக்கவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் பாறைகளை வெட்டியதன் விளைவாகக் கடலுக்குள் மூழ்கிப்போயின. கரையோர ஊர்களின் பழஞ்சுவர்களில் முருகைக்கல்லைக் காணலாம். எத்தனை உயிர்கள் கட்டிய வீட்டை உடைத்து நாம் வீடு கட்டினோம் என்று எண்ணாமலேயே அவற்றுள் வாழ்ந்தோம்.

படம் எதற்கு என்று இன்று எவரேனும் நம்மைக் கேட்டால், சாட்சிக்கு என்போம். இந்த இடத்தில் இன்ன உயிர் இந்த நிறத்தில் இருந்தது என்று பின்னொரு நாள் சொல்ல ஒருவர் வேண்டும். சாட்சியை மறைப்பது பாவம் என்று நாமே பாடம் நடத்துகிறோம். பத்துக் கை என்று எண்ணிச் சொன்ன சிறுவனும் ஒரு சாட்சிதான். அந்தச் சாட்சியத்தை நாம் கிழித்தோம்.

அன்பிற்குரிய பெற்றோரே! உங்கள் பிள்ளை ஏட்டின் ஓரத்தில் எதையேனும் வரைந்திருக்கக் கண்டால், கடிவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை எங்கே பார்த்தாய்?’ அவன் சொல்வதை முழுதும் கேளுங்கள். ஆகும், ஆகாது என்பதை அதன் பிறகு, அவன் வயதுக்கேற்பப் பரிவோடு சொல்லிக்கொடுக்கலாம். சட்டம் எங்கும் போய்விடாது. பிள்ளையின் கை ஒருமுறை சுருங்கினால் மீண்டும் விரிவது அரிது.

அவர் தந்த அந்தப் படம் இப்போது நம் தஃப்ஸீர் கிதாபுக்குள் அர்ரஹ்மான் சூராவின் பக்கத்தில் இருக்கிறது. அவ்விடம் வரும்போது விரிவுரையாளர்களின் இரு கருத்துகளையும் முன்போலவே எழுதிப்போடுகிறோம். பின்னர் படத்தை எடுத்து மாணவர் கையில் கொடுத்து, அதை எடுத்தவர் யாரென்றும், அவர் ஏட்டுக்கு நாம் செய்தது என்னவென்றும் சொல்லிவிடுகிறோம். பார்க்கக் கற்ற கண்களை வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. நாம் கிழித்ததை அவன் மன்னிப்பானாக. ஆமீன்.